வீட்டைச் சூழ்ந்த விஷ ஜந்துக்கள்

பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களில் பாம்பும் சிலந்தியும்

நம் நாட்டில் பாம்புக் கடியால் இறப்போரின் தொகை நெடுங்காலம் தெளிவாகத் தெரியாமலே இருந்தது. மருத்துவமனையை வந்தடைந்து இறந்தவர்கள் மட்டுமே ஏடுகளில் இடம் பெற்றனர். வீட்டிலோ, வழியிலோ, மந்திரிப்பவர் வாயிலிலோ உயிர் நீத்தவர்கள் கணக்கில் வரவில்லை. குடும்பங்களை நேரில் விசாரித்துத் தொகுக்கப்பட்ட மரண ஆய்வின் முடிவுகள் 2020-ஆம் ஆண்டில் வெளியாயின. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக் கடியால் இறந்தனர் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. இவர்களுள் நாலில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் 15 வயது நிரம்பாதவர்கள். இம்மரணங்களில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழை மாதங்களில் நேர்ந்தவை. பெரும்பாலானவை கிராமப்புறங்களில், வீட்டிலேயே நிகழ்ந்தவை.

மிகக் கடுமையான பாதிப்புக்குள்ளான எட்டு மாநிலங்களின் வரிசையில் கேரளமும் தமிழகமும் இல்லை என்பது ஓரளவு ஆறுதல் தருவது. எனினும் இவ்விரு மாநிலங்களும் சந்திக்கும் மலையோரப் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்கு இப்பிரச்சினை அன்றாட வாழ்க்கையோடு பிணைந்ததாகும். பாலக்காட்டின் கிழக்குப் புறத்திலும், இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் வீட்டு முற்றத்துக்கும் காட்டுக்கும் இடையே எல்லை என்று ஒன்று இருப்பதில்லை. விறகுக் குவியல், மாட்டுத் தொழுவம், கல்லடுக்குச் சுவர், இலைச் சருகு ஆகிய யாவும் மனிதருக்கும் விஷ ஜந்துக்களுக்கும் பொதுவான இடங்களாகி விடுகின்றன.

இந்த ஜந்துக்களை அடியோடு ஒழிப்பது இயலாத காரியம். அது விரும்பத்தக்கதும் அன்று. அவை வீட்டை நாடி வருவதற்குரிய காரணங்களை அகற்றுவதும், கடி நேர்ந்தால் முதல் மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பதுமே நம் கையில் உள்ள காரியங்கள். மலைப்பகுதி மக்களுக்கு இது மற்றவர்களைக் காட்டிலும் முக்கியமானது. அதன் காரணத்தைப் பின்னர் காண்போம்.

இரு வகை நிலங்கள்

பாலக்காடும் இடுக்கியும் தமிழகத்தை அடுத்துள்ள மாவட்டங்களே எனினும், நிலத்தின் தன்மையால் பெரிதும் வேறுபட்டவை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை விலகி நிற்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்ற இக்கணவாயின் கிழக்கு வாயிலில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம், முதலமடை முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. கோயமுத்தூர்ச் சமவெளியின் வறட்சியும் வெப்பமும் இங்கும் உணரப்படுகின்றன. நெல் வயல்களும், தென்னந்தோப்புகளும், மாந்தோப்புகளும் நிறைந்த இந்நிலத்தில் எலிகளுக்குக் குறைவில்லை. எலிகள் மிகுந்த இடத்தில் நல்ல பாம்பும், கண்ணாடி விரியனும், கட்டு விரியனும் மிகுந்திருப்பது இயற்கை. வறண்ட கல்லாங்காடுகளில் சுருட்டை விரியனும் காணப்படலாம்.

இடுக்கியின் கிழக்கெல்லை வேறு வகையானது. மழை மறைவுப் பிரதேசமான மறையூர், சின்னாறு ஆகியவை ஒரு புறமிருக்க, மூணாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, வண்டிப்பெரியாறு எனத் தொடரும் மேட்டு நிலங்கள் குளிர்ச்சியும் ஈரமும் மிக்கவை. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடிச் சிகரமும் இப்பகுதியிலேயே உள்ளது. உயரமும் ஈரமும் கூடக் கூடச் சமவெளியின் நான்கு கொடிய பாம்புகளும் பொதுவாக அருகி விடுகின்றன. அவற்றின் இடத்தைக் குழிவிரியன்கள் பிடித்துக்கொள்கின்றன. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு சிறு குழி இருப்பதால் இவை இப்பெயர் பெற்றன. வெப்பத்தை உணரும் உறுப்பாகிய இக்குழியின் துணையால், இவை இருளிலும் எலி, பறவை முதலியவற்றின் உடற்சூட்டை அறிந்து தாக்குகின்றன.

இவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. பச்சை நிறமும் பெரிய செதில்களும் உடைய குழிவிரியன் தேயிலைச் செடிகளின் மீதும் சோலைக் காடுகளிலும் வாழ்வது. கொழுந்து பறிப்போரின் கைகளில் இது கடிப்பதுண்டு. மலபார்க் குழிவிரியன் பச்சை, பழுப்பு, மஞ்சள் எனப் பல நிறங்களில் காணப்படுவது. ஓடையோரங்களையும் புதர்களையும் விரும்புவது. இவ்விரண்டின் கடியும் கடும் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும்; ஆயினும் உயிரிழப்பு அரிது. மூன்றாவதாகிய கூம்புமூக்குக் குழிவிரியன் அளவில் மிகச் சிறியது. பெரும்பாலும் ஒன்றரை அடிக்கு உட்பட்டது. காய்ந்த இலையின் நிறத்தில், மேல் நோக்கி வளைந்த மூக்கு நுனியுடன், சருகுக்கிடையே அசையாமல் கிடப்பது.

ஏலத் தோட்டத்தின் வேலை முறையை நோக்கினால் இப்பாம்பினால் விளையும் அபாயம் புலனாகும். ஏலச் செடியின் சரங்கள் செடியின் அடியிலிருந்து கிளைத்துத் தரையையொட்டிப் படர்கின்றன. காய் பறிப்போர் குந்தியமர்ந்து, சருகை விலக்கி, தரை மட்டத்தில் கையை நீட்டியே பறிக்க வேண்டியிருக்கிறது. செடிக்கு ஈரம் காப்பதற்காக இடப்படும் மூடாக்கே பாம்புக்கும் நல்ல மறைவிடமாகிறது. கையும் பாம்பும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் தொழில் இது.

ராஜநாகத்தைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ராஜநாகம் தனி இனம் என்று 2024-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று நிறுவி, அதற்குக் 'காளிங்கா' என்ற இனப்பெயரையும் அளித்தது. அளவில் பெரிதாயினும் இது மனிதரைக் கடிப்பது மிக அபூர்வம். இதன் முக்கிய உணவு பிற பாம்புகளே.

பெயரால் விளையும் குழப்பம்

எல்லைப்புறங்களில் ஒரே பாம்புக்குத் தமிழில் ஒரு பெயரும் மலையாளத்தில் மற்றொரு பெயரும் வழங்குகின்றன. நல்ல பாம்பு அங்கே மூர்க்கன், கட்டு விரியன் வெள்ளிக்கெட்டன், கண்ணாடி விரியன் அணலி அல்லது சேனத்தண்டன், ராஜநாகம் ராஜவெம்பாலை. இரு மொழியும் அறிந்த மக்களுக்கு இதனால் பெரும் இடர்ப்பாடில்லை. குழப்பம் விளைவது வேறிடத்தில்.

தமிழில் 'விரியன்' என்ற சொல் தம்முள் உறவில்லாத இரண்டு வகைப் பாம்புகளைக் குறிக்கின்றது. கண்ணாடி விரியன் தடித்த உடலும், முதுகில் சங்கிலி போன்ற மூன்று வரிசைப் புள்ளிகளும் உடையது; பெருஞ் சீற்றத்துடன் எச்சரிப்பது. இதன் விஷம் முக்கியமாக இரத்தத்தைத் தாக்குகிறது. கட்டு விரியனோ மெலிந்து, பளபளத்த கருமை நிறத்தில் வெள்ளை வளையங்களுடன் இருப்பது. பகலில் மந்தமாகவும் இரவில் சுறுசுறுப்பாகவும் உலவுவது. விஷத்தால் இது நல்ல பாம்பின் உறவினமே. நரம்புகளைத் தாக்கும் விஷம் இதனுடையது. ஆகவே 'விரியன் கடித்தது' என்று மட்டும் மருத்துவரிடம் கூறினால், நேர்மாறான இரண்டு நிலைமைகளை ஒரே சொல்லால் கூறியதாகிறது.

இதைப் போலவே 'சுருட்டை' என்ற பெயர் சுருண்டு கிடக்கும் சிறு பாம்புகள் எல்லாவற்றிற்கும் வழங்கி வருகிறது. கூம்புமூக்குக் குழிவிரியனைச் சுருட்டை விரியன் என்று மயங்கிய நிகழ்ச்சிகள் கேரளத்தில் பல. இம்மயக்கத்தின் விளைவு சிகிச்சையையே தவறான வழியில் செலுத்தி விடும் என்பதை அடுத்துக் காண்போம்.

விஷமற்ற பாம்புகள் படும் பாடும் சிறிதன்று. ஓட்டு வீடுகளில் பல்லியைத் தேடித் திரியும் வீட்டுப் பாம்பு, கட்டு விரியன் என்று கருதப்பட்டு அடிபடுகிறது. இதன் வெள்ளை வளையங்கள் கழுத்தின் அருகே தெளிந்து வால் நோக்கி மங்கும். கட்டு விரியனுக்கோ முன்னுடலில் மங்கி, வாற்புறம் தெளிவு பெறும். கொம்பேறி மூக்கன் தன்னிடம் கடியுண்டவரின் சிதைப்புகையைக் காண மரத்தில் ஏறிக் காத்திருக்கும் என்ற கதை யாவரும் அறிந்ததே. உண்மையில் அது மரமேறிப் பல்லியும் தவளையும் பிடித்துண்ணும் தீங்கற்ற பிராணி. மலைத் தோட்டங்களில் மண்ணைக் கிளறும்போது வெளிப்படும் மழுங்கிய வாலுடைய சிறு பாம்புகள் மண்புழுவைத் தின்று வாழ்பவை. அவற்றைக் கொல்வதால் யாருக்கும் நன்மையில்லை.

விஷம் செயற்படும் விதம்

பாம்பின் விஷம் அதன் உமிழ்நீர்ச் சுரப்பி போன்றதொரு சுரப்பியில் உண்டாவது. பல புரதங்களும் என்ஸைம்களும் கலந்த கலவை அது. இரையை அசையாமற் செய்வதும், ஜீரணத்துக்குத் துணை புரிவதும் அதன் நோக்கம். மனிதரைக் கடிப்பது தற்காப்பின் பொருட்டே. அதனால்தான் விஷப் பாம்பு கடித்தும் விஷம் செலுத்தாமல் விடும் 'வறட்டுக் கடி'களும் நேர்கின்றன. மந்திரத்தாலும் பச்சிலையாலும் குணமானதாகக் கூறப்படுபவற்றில் பல, விஷமற்ற பாம்பின் கடியோ வறட்டுக் கடியோதான்.

நரம்பைத் தாக்கும் விஷம், நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடை செய்கிறது. முதலில் கண்ணிமைகள் சரியும், பார்வை இரட்டையாகத் தோன்றும், பேச்சு குழறும், விழுங்குதல் கடினமாகும், இறுதியில் சுவாசத் தசைகள் ஓய்ந்து போகும். இந்நிலையில் கிடப்பவர் உயிரற்றவர் போலத் தோன்றினாலும், சுற்றி நடப்பதை அவர் கேட்டு அறியக் கூடும். செயற்கை சுவாசக் கருவி உரிய நேரத்தில் கிட்டுமாயின் இத்தகையோர் பிழைப்பர்.

கட்டு விரியனின் கடியில் தனிப்பட்ட ஓர் அபாயம் உண்டு. தரையில் பாய் விரித்து உறங்குவோரை இது இரவில் கடிக்கிறது. பற்கள் மிகச் சிறியவையாதலால் வலி மிகக் குறைவு, வீக்கம் இல்லை, கடிவாய் கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கலாம். நள்ளிரவிலோ விடியற்காலையிலோ கடும் வயிற்று வலி தோன்ற, உணவு ஒவ்வாமை என்று எண்ணி, கஷாயம் காய்ச்சிக் கொடுத்துப் பொழுதைப் போக்குவர். இமைகள் சரியும்போதுதான் உண்மை புலனாகும். தரையில் உறங்கி எழுந்தவருக்குக் காரணமறியாத வயிற்று வலியும் கண்ணிமைச் சரிவும் ஒருங்கே தோன்றினால், பாம்பைக் காணாவிடினும் கட்டு விரியன் கடியாகவே கருதி மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இரத்தத்தைத் தாக்கும் விஷம், இரத்தம் உறைவதற்குத் தேவையான பொருள்களைச் செலவழித்துத் தீர்த்து விடுகிறது. பின்னர் ஈறுகளிலிருந்தும், பழைய புண்களிலிருந்தும், சிறுநீர் வழியாகவும் இரத்தம் கசியும். சிறுநீரகங்கள் பழுதடைவது இவ்விஷத்தின் மற்றொரு கொடுமை. இதனை அறிய மருத்துவர்கள் கையாளும் சோதனை மிக எளிது. உலர்ந்த தூய கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பின்னர் சாய்த்துப் பார்க்கின்றனர். இரத்தம் உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருப்பது உறுதியாகிறது. விலையுயர்ந்த சாதனம் ஏதுமின்றிச் சிறிய சுகாதார நிலையத்திலும் செய்யத் தக்க சோதனை இது. மருத்துவருக்குப் பாம்பின் உடலைக் காட்டிலும் நோயாளியின் உடலே நம்பத்தக்க சாட்சி என்பது இதனால் விளங்கும்.

மருந்தும் அதன் எல்லையும்

விஷமுறிவு மருந்தை 1890-களில் பிரெஞ்சு விஞ்ஞானியான ஆல்பர்ட் கால்மெட் முதலியோர் உருவாக்கினர். அதன் அடிப்படைத் தத்துவம் இன்றும் மாறவில்லை. மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குதிரைக்கு விஷம் செலுத்தப்படுகிறது. குதிரையின் இரத்தத்தில் அவ்விஷத்தை எதிர்க்கும் பொருள்கள் உண்டாகின்றன. அவற்றைப் பிரித்தெடுத்துத் தூய்மை செய்தால் மருந்து கிடைக்கிறது. இதற்கு வேண்டிய விஷத்தைத் திரட்டித் தருவதில் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பெரும் பங்கு வகித்து வருகிறது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுவது இச்சங்கத்தின் முறை. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இந்தியாவில் கிடைக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தையும் ஒருங்கே முறிப்பது. ஆகையால் இந்நான்கனுள் எது கடித்தது என்று அறிந்து வந்தால்தான் சிகிச்சை என்பதில்லை. ஒரு குப்பியில் 10 மில்லிலிட்டர் மருந்து உண்டு. கண்ணாடி விரியனின் விஷத்தை ஒரு மில்லிலிட்டர் மருந்து 0.6 மில்லிகிராம் அளவு முறிக்கும். அப்பாம்பு ஒரு கடியில் சராசரியாகச் செலுத்துவது 63 மில்லிகிராம். பத்துக் குப்பிகள் 60 மில்லிகிராம் விஷத்தை முறிக்கும் என்று கணக்காகிறது. தொடக்கத்தில் எட்டு முதல் பத்துக் குப்பிகள் வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே. உடலில் ஏறிய விஷத்தின் அளவு கடித்த பாம்பைப் பொறுத்ததேயன்றி, கடியுண்டவரின் எடையைப் பொறுத்ததன்று. குதிரைப் புரதம் சிலருக்குத் திடீர் ஒவ்வாமையை உண்டாக்கி இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தக் கூடும். எனவே மருத்துவர் மேற்பார்வையில், உடனடி மாற்று மருந்து கைவசமிருக்கும் இடத்தில்தான் இதைச் செலுத்த வேண்டும்.

மலைப்பகுதி மக்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனி வருவது. குழிவிரியன்களின் விஷத்துக்கோ, ராஜநாகத்தின் விஷத்துக்கோ எதிராக இம்மருந்து தயாரிக்கப்பட்டதன்று. கூம்புமூக்குக் குழிவிரியனின் கடி அற்பமானது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2007-ஆம் ஆண்டில் கேரள மருத்துவர்களும் அவர்களுடைய துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு, இப்பாம்பின் கடியால் இரத்தம் உறையாமையும் சிறுநீரகச் சேதமும் நேர்ந்து உயிருக்கே அபாயம் விளைந்ததை முதன்முறையாக இந்தியாவில் ஐயமற நிலைநாட்டிற்று. கடித்த பாம்பு சுருட்டை விரியன் என்று மயங்கி விஷமுறிவு மருந்தைக் குப்பி குப்பியாகச் செலுத்தியும் பயன் காணாத நிலைமையையும் அது எடுத்துக் காட்டியது. பயன் தராத மருந்து ஒவ்வாமையை மட்டும் தரும்.

அப்படியானால் இக்கடிக்குச் சிகிச்சையே இல்லையோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பலருக்கு வீக்கமும் வலியும் சில நாட்களில் தணிந்து விடுகின்றன. இரத்தமும் சிறுநீரகமும் பாதிக்கப்படுவோருக்குத் தொடர்ந்த கண்காணிப்பும், தேவைப்படின் இரத்தச் சுத்திகரிப்பும் உயிர் காக்கின்றன. ஆனால் இவ்வசதிகள் பெரிய மருத்துவமனைகளில்தான் உண்டு. தோட்டத்து லயத்திலிருந்து அத்தகைய இடத்தை அடையப் பல மணி நேரம் மலைப்பாதையில் பயணம் செய்ய வேண்டியிருக்கலாம். மருந்து முழுத் துணை புரியாத இடத்தில் கடி நேராமல் காத்துக்கொள்வதே முதன்மையான சிகிச்சையாகிறது.

சிலந்திகள்

பாம்பைப் போலவே வீட்டில் அச்சம் விளைவிப்பது சிலந்தி. உலகில் 50,000-க்கும் மேற்பட்ட சிலந்தியினங்கள் கண்டறியப்பட்டுள்ளன. மிகச் சிலவற்றைத் தவிர ஏனைய யாவும் பூச்சியைக் கொல்வதற்கு விஷம் உடையனவே. ஆயினும் மனிதத் தோலைத் துளைக்கும் ஆற்றலும், துளைத்துத் தீங்கு செய்யும் விஷமும் ஒருங்கே பெற்றவை மிகச் சொற்பம். அடுக்களைச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் பதிந்திருக்கும் தட்டையான பெரிய சிலந்தி கரப்பான் பூச்சியை வேட்டையாடுவது. வயிற்றின் கீழே வெள்ளைக் காசு போன்ற முட்டைப் பையைச் சுமந்து திரிவது அதன் பெண். தோட்டத்தில் மரத்துக்கு மரம் பொன்னிற வலை கட்டும் பெருஞ்சிலந்தியும் மனிதருக்குத் தீங்கற்றது.

இப்பகுதியில் சற்று எச்சரிக்கையுடன் நோக்க வேண்டியவை, மரப்பொந்துகளிலும் பழைய கூரைகளிலும் வாழும் ரோமம் அடர்ந்த பெருஞ்சிலந்திகள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் இவற்றின் தாயகங்களுள் ஒன்று. இவை கடித்தால் கடும் வலியும், சில வேளைகளில் பல நாள் தொடரும் தசைப்பிடிப்பும் உண்டாகும். கடித்த இடத்தைச் சோப்பினால் கழுவி, குளிர்ந்த துணி இட்டு, மருத்துவரை நாடுவதே போதுமானது. பாம்புக்குரிய விஷமுறிவு மருந்து சிலந்திக் கடிக்கு உதவாது.

உண்மையில் 'சிலந்தி விஷம்' என்று மக்கள் கூறுவனவற்றுள் பல சிலந்தியால் வந்தவையல்ல. இடுப்பையோ மார்பையோ ஒரு பக்கமாகச் சுற்றிவரும் கொப்புளங்கள் அக்கி என்னும் நோய். சின்னம்மைக் கிருமியே அதற்குக் காரணம். மழைக் காலத்தில் விளக்கொளியை நாடி வரும் ஒருவகைச் சிறு வண்டு தோலில் நசுங்கினால், தீச்சுட்டது போன்ற கோடு விழும். இவற்றைக் காட்டிலும் முக்கியமானது உண்ணிக் காய்ச்சல். மலையாளத்தில் இதனைச் செள்ளுப்பனி என்பர். புதரிலும் புல்லிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்த இடத்தில், வலியற்ற கருநிறப் பொருக்கு ஒன்று தோன்றும். அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் இது இருக்கும். சில நாளில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் தொடரும். சிலந்தி கடித்த வடு என்று எண்ணி வாளாவிருந்தால் இக்காய்ச்சல் உயிரையும் பறிக்கக் கூடும். உரிய நேரத்தில் கண்டறிந்தால் டாக்ஸிசைக்ளின் என்னும் எளிய மருந்து இதனைக் குணப்படுத்துகிறது. காய்ச்சலுடன் கரும் பொருக்கு காணப்பட்டால் அதனை மருத்துவரிடம் தவறாமல் காட்ட வேண்டும்.

வீடும் சுற்றுப்புறமும்

பாம்பு வீட்டுக்குள் நுழைவதற்குக் காரணம் பகையும் அன்று, பழிவாங்கும் எண்ணமும் அன்று. இரை, மறைவிடம், நீர் ஆகிய மூன்றே அதனை ஈர்க்கின்றன. இம்மூன்றையும் குறைத்தால் வருகையும் குறையும்.

முதலாவது எலி. தானியத்தையும் மாட்டுத் தீவனத்தையும் மூடியுள்ள கலங்களில் வைத்தல், கோழிக்கூட்டைத் தரையிலிருந்து உயர்த்தி வீட்டுக்குச் சற்று அப்பால் அமைத்தல், சோற்றுக் கழிவை முற்றத்தில் கொட்டாதிருத்தல் ஆகியவை எலியைக் குறைக்கும். கோழிக் குஞ்சும் முட்டையும் நல்ல பாம்பைத் தாமே அழைப்பவை.

இரண்டாவது மறைவிடம். விறகு, ஓடு, செங்கல், தென்னை மட்டை ஆகியவற்றை வீட்டுச் சுவரையொட்டி அடுக்குதல் கூடாது. விறகை மேடை மீது அடுக்கி, பகலில், கைத்தடியால் தட்டிய பின்னரே எடுக்க வேண்டும். இடுக்கியில் சரிவு நிலங்களில் மண்ணைக் காக்கக் 'கையாலை' என்னும் கல்லடுக்குச் சுவர் எழுப்புகின்றனர். அதன் இடுக்குகள் பாம்புக்கும் எலிக்கும் சிறந்த குடியிருப்பு. வீட்டை ஒட்டிய பகுதியிலேனும் இவ்விடுக்குகளைச் சாந்தினால் பூசிவிடுதல் நலம். தரை, சுவர், சாக்கடைக் குழாய் ஆகியவற்றிலுள்ள பொந்துகளை அடைக்கவும், வாயிற்கதவின் கீழ் இடைவெளியை மறைக்கவும் வேண்டும். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் வயநாட்டின் சுல்தான் பத்தேரியில் பள்ளிச் சிறுமி ஒருத்தி வகுப்பறையிலேயே பாம்பு தீண்டி இறந்தாள். அவ்வறையின் தரையோரத்தில் இருந்தது அடைக்கப்படாத ஒரு பொந்து.

மூன்றாவது உறக்கம். தரையில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில் படுப்பது நன்று. அதனினும் முக்கியமானது கொசுவலை. வலையின் ஓரங்களைப் பாய்க்கோ மெத்தைக்கோ அடியில் செருகி உறங்கினால் கட்டு விரியன் உள்ளே நுழைய இயலாது. கொசுவலைக்குள் உறங்குவோருக்குப் பாம்புக் கடி குறைவு என்பதை நேபாளத்தின் தென்கிழக்குப் பகுதியில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டியுள்ளது. மலேரியாவுக்கென வாங்கிய வலை பாம்புக்கும் காப்பாவது எண்ணத்தக்கது.

இரவில் வெளியே செல்கையில் கைவிளக்கும், மூடிய செருப்பும், கைத்தடியும் இன்றியமையாதவை. காலணியை அணியுமுன் உதறிப் பார்ப்பது சிலந்திக்கும் தேளுக்கும் ஏற்ற பாதுகாப்பு. ஏலத் தோட்டத்தில் முழங்கால் வரை மூடும் காலணியும், தடித்த கையுறையும், சருகை முதலில் குச்சியால் விலக்கும் பழக்கமும் பெரும்பாலான கடிகளைத் தடுக்கும். தோட்ட உரிமையாளர்கள் இவற்றைத் தொழிற்கருவிகளாகவே கருதி வழங்குதல் முறை.

பூண்டு, பெருங்காயம், கார்பாலிக் அமிலம் முதலியவற்றைத் தெளித்தால் பாம்பு அணுகாது என்பது பரவலான நம்பிக்கை. இவை பயன் தரும் என்பது நிறுவப்படவில்லை. கார்பாலிக் அமிலம் குழந்தைகளின் தோலைப் புண்ணாக்கும் என்பது மட்டும் உறுதி. வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் குழந்தைகளை அப்புறப்படுத்தி, பாம்பிருக்கும் இடத்தைத் தொலைவிலிருந்து கண்காணித்து, பயிற்சி பெற்றவரை அழைக்க வேண்டும். கேரள வனத்துறை 2020-ஆம் ஆண்டில் பாம்பு பிடிப்போருக்கென நெறிமுறைகளை வகுத்து, பயிற்சியும் சான்றும் அளிக்கத் தொடங்கியது. 'சர்ப்பா' என்னும் கைபேசிச் செயலி வழியாக இத்தகையோரை அழைக்கலாம். அடிக்க முற்படும்போதும் பிடிக்க முற்படும்போதும் நேரும் கடிகள் பலவாதலால், இது அறத்தை மட்டுமன்றித் தற்காப்பையும் சார்ந்த யோசனையாகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பாம்புகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

கடி நேர்ந்தால்

முதலுதவி முறைகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. 1904-ஆம் ஆண்டில் லண்டன் விஞ்ஞானிகள் சிறு கத்தியும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கொண்ட முறையொன்றை வெளியிட்டனர். கடிவாயைக் கீறி அப்பொடியைத் தேய்க்கும் அவ்வழக்கம் பல்லாண்டுகள் நம் நாட்டில் பரவியிருந்தது. இன்று அது முற்றிலும் விலக்கப்பட்டுள்ளது. இரத்தம் உறையும் தன்மையை இழந்தவரின் உடலில் கீறல் இடுவது, நிற்காத இரத்தப் பெருக்குக்கு வழி திறப்பதாகும். இறுகக் கட்டுதல், வாயால் உறிஞ்சுதல், சூடு போடுதல், பனிக்கட்டி வைத்தல் ஆகியவையும் தவிர்க்கத் தக்கவை. கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உறுப்பே அழுகக் கூடும். ஏற்கெனவே இறுகக் கட்டியிருப்பின், அதனை மருத்துவமனையில் மருத்துவர் முன்னிலையிலேயே தளர்த்த வேண்டும்.

செய்ய வேண்டியவை சிலவே. கடியுண்டவருக்குத் தைரியம் கூறி அமரவோ படுக்கவோ வைக்க வேண்டும். கடியுண்ட கையிலோ காலிலோ உள்ள மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றை வீக்கம் எழுமுன் கழற்றி விட வேண்டும். எலும்பு முறிவுக்குச் செய்வது போல் மரச் சட்டத்தை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, அவ்வுறுப்பை அசையாமற் செய்ய வேண்டும். நடக்கவோ ஓடவோ விடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். 108 ஊர்தி வரத் தாமதமானால், மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னே அணைத்துப் பிடிப்பவருக்கும் நடுவில் அமர்த்திச் செல்லலாம். வாந்தியோ மயக்கமோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்தே கொண்டு செல்ல வேண்டும்.

பாம்பைத் தேடிச் செல்வது வீண். தொலைவிலிருந்து எடுத்த படம் ஒன்று கைவசமிருந்தால் அதுவே போதும். கடித்த நேரம், கடித்த இடம், அது வயலா, படுக்கையா, ஏலக்காடா என்ற விவரம், முதலில் தோன்றிய அறிகுறி ஆகியவற்றை மருத்துவரிடம் கூறினால், பாம்பின் பெயரைக் காட்டிலும் அவை மிகுதியாகப் பயன்படும். அறிகுறி ஏதும் இல்லை என்றாலும் 24 மணி நேரம் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பது அவசியம்.

எல்லைப்புறக் குடும்பங்கள் மற்றொன்றையும் முன்கூட்டியே அறிந்து வைத்தல் வேண்டும். விஷமுறிவு மருந்து உள்ள அண்மை மருத்துவமனை எது? செயற்கை சுவாசக் கருவியும் இரத்தச் சுத்திகரிப்பு வசதியும் உள்ள அண்மை மருத்துவமனை எது? அது மலைக்கு இப்பாலா, அப்பாலா? போடிமெட்டில் இருப்பவருக்குத் தேனி சொந்த மாவட்டத் தலைநகரைக் காட்டிலும் அருகில் இருக்கலாம். நோயாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நேரத்தில் இக்கேள்விகளுக்கு விடை தேடுவது கால விரயம். அமைதியான ஒரு நாளில் விசாரித்து, விடையை வாயிற்கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டி வைத்தல் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இந்திய அரசு 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் தேசிய செயல் திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2030-ஆம் ஆண்டுக்குள் பாம்புக் கடி மரணங்களைப் பாதியாகக் குறைப்பது அதன் நோக்கம். குழிவிரியன்களுக்கும் பயன் தரும் மருந்து, மலைக்கிராமங்களுக்கு விரைவான ஊர்தி, சிறு சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஆகியவை அரசும் விஞ்ஞானிகளும் நிறைவேற்ற வேண்டிய கடமைகள். கொசுவலையின் ஓரத்தைச் செருகுவதும், விறகைச் சுவரிலிருந்து விலக்கி அடுக்குவதும், இருட்டில் விளக்கின்றி அடி எடுத்து வைக்காதிருப்பதும் இல்லத்தாரின் கடமைகள். இவற்றிற்குச் செலவு சிறிது. இவற்றால் காக்கப்படுவதோ பெரும்பாலும் குழந்தைகளின் உயிர்.